முன் கேட்

பிப்ரவரி 3, திங்கள்

நடை அரை மணி. மாத்திரை. சமையலுக்கு இருக்கும் மாராத்தாள் தேங்காய்ச் சட்னியில் மறுபடியும் பூண்டு போட்டிருந்தாள். சொன்னேன். மறந்துவிட்டதாகச் சொன்னாள். முப்பது வருடமாக மறந்துகொண்டிருக்கிறாள்.

பதினோரு மணிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கீர்த்திவாசன் என்ற மாணவன் வந்தான். இறுதியாண்டு மெக்கானிக்கல். இந்த வருட நிறுவனர் சந்திப்புக்குச் செயலாளர். முன்கூட்டியே வந்து, பதினொன்று ஆகட்டும் என்று வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்திருக்கிறான். அதற்காக அவனைப் பாராட்டலாம். சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. அதையும் சொன்னேன்.

நிறுவனர் சந்திப்பை ஆரம்பித்தவர் என் கணவர். இங்கே படித்து, பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கியவர்களை வருடத்தில் ஒரு நாள் திரும்ப வரவழைத்து மாணவர்களோடு உட்கார வைப்பது. வருகிறவர் மேடையில் தன் பெருமையைப் பேசக் கூடாது என்பது அவர் வைத்த விதி. தொழிலில் தான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும், ஏழு நிமிடத்தில். முடிந்ததும் மணி, அதன் பிறகுதான் கேள்விகள். பேசுகிறவரை நிறுத்த அவருக்கு மனம் வராது, அதனால் மணி என் கைக்கு வந்தது. நான் படித்த ஊட்டி கான்வென்டில் வகுப்பு மாறும்போது அடிக்கிற பித்தளைக் கைமணி அது. பழைய கட்டடத்தை இடித்தபோது தலைமைக் கன்னியாஸ்திரி மதர் பெர்னதெத் எனக்குக் கொடுத்தார். ஒரு வருடம் துணைவேந்தர் பேச்சை நீட்டினார். அவருக்கும் அடித்தேன்.

என் கணவர் போன பிறகும் நான்தான் அடிக்கிறேன். அவர் பெயரில் மாணவர்களுக்குத் தரும் கேடயத்தையும் நான்தான் தருகிறேன்.

கீர்த்திவாசன் அழைப்பிதழின் மாதிரியைக் கொண்டுவந்திருந்தான். ஒவ்வொரு வரியிலும் பிழை. திருத்திக்கொண்டே வந்தேன். காளான் வளர்ப்பவர் ஒருவர், ட்ரோன் செய்பவர் ஒருவர். கடைசியில், சிறப்பு விருந்தினர்: சாருலதா குழந்தைவேல், நிறுவனர், ‘இறுதித்துணை’, சென்னை.

சாருலதா என் ஒரே மகள்.

பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மேடத்துக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தோம், சங்கடமாக இருந்தால் மணிக்குப் பதிலாகக் கைப்பேசியில் நேரம் வைத்துக்கொள்கிறோம் என்றான்.

சிறப்பு விருந்தினர் பெயர் கடைசியில் வரக் கூடாது, மேலே வர வேண்டும் என்று திருத்திக் கொடுத்தேன். மணி நான்தான் அடிப்பேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மின்கட்டணம் கட்டியாயிற்று. ஃப்ரிட்ஜ் சத்தம் போடுகிறது.

நாட்குறிப்பில் செய்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்று மதர் பெர்னதெத் சொல்வார். அறுபது வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன். முதலில் ஆங்கிலத்தில். கான்வென்டில் தமிழ் பேசினால் அபராதம். வயதான பிறகு அந்த அபராதத்தை நானே ரத்து செய்துவிட்டேன்.

சில விஷயங்களை மட்டும் ஒழுங்குக்காக எழுதி வைக்கிறேன். ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் இறுதித்துணைக்கு போன் செய்வார்கள். ஐஸ் பெட்டி, குளிப்பாட்டுவது, சான்றிதழ், வண்டி, மின்மயானம் என்று எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வங்கியில் அதிகாரியாக இருந்த வேலையை விட்டுவிட்டு சாரு இதைத் தொடங்கினாள். என் கணவருக்கு அதில் ஒரே பெருமை. பக்கத்து வீட்டு மிஸஸ் ரங்கசாமி கேட்டபோது, மகள் டிரான்ஸ்போர்ட் தொழில் செய்கிறாள் என்று சொன்னேன். அது பொய் இல்லை. பதினாறு வண்டிகள் ஓடுகின்றன.

அவர் போய் இந்தத் தை மாதத்தோடு ஐந்து வருடம். தகவல் கிடைத்ததும் சாரு தன் வண்டியோடும் ஆட்களோடும் சென்னையிலிருந்து வந்து எல்லாவற்றையும் செய்தாள். மூன்றாம் நாள் காரியம் முடிந்தது. நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். என் எதிரிலேயே நடந்து போனாள். என்னைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து இந்த வீட்டுக்கு வரவில்லை.

போகிறவர்கள்தான் சொல்லிக்கொண்டு போக வேண்டும். எங்கள் கான்வென்டில் ஆறு வயதுக் குழந்தைக்கும் அது தெரியும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாராத்தாளுக்கு ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு ஒரு போன் வரும். பின்கட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவாள். சென்னையில் இருக்கிற அக்காள் மகள் என்பாள். அவளுக்கு அக்காள் இல்லை. நான் கேட்பதில்லை.

இன்று செடிக்குத் தண்ணீர் விடப் பின்பக்கம் போனேன். காதில் விழுந்தது.

“மாத்திரையெல்லாம் நேரத்துக்கு முழுங்கறாங்க பாப்பா. பிரஷர் சொன்னனே, அப்படியேதான். ம்ம். இல்லீங், அதைப் பத்தி ஒண்ணும் பேசல. மூஞ்சியப் பாத்தா எப்பத் தெரிஞ்சுது, இப்பத் தெரியறதுக்கு.”

என்னைக் கண்டதும் பேச்சை முடித்துக்கொண்டாள். அந்தச் செடிக்குக் காலையிலேயே தண்ணீர் விட்டாயிற்று என்றாள். இரண்டு முறை விட்டால் செடி ஒன்றும் செத்துப்போகாது என்றேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கீர்த்திவாசன் போனில் பேசினான். எல்லா நிறுவனர்களுக்கும் ஓட்டலில் அறை போட்டிருக்கிறார்கள். சாருலதா மேடம் மட்டும் பல்கலைக்கழக விருந்தினர் விடுதியே போதும் என்றார்களாம். விடுதி எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. அவர்கள் விருப்பம் என்றேன்.

மேல் அறைத் திரைகளைக் கழற்றித் துவைக்கச் சொன்னேன். மெத்தையையும் வெயிலில் போடச் சொன்னேன். வருடத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டிய வேலை. போன வருடம் செய்யவில்லை என்று மாராத்தாள் நினைவுபடுத்தினாள். அதனால்தான் இந்த வருடம் கட்டாயம் செய்ய வேண்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

வெல்டர் ஜாபர் வந்தார். முன் கேட்டின் பெரிய கதவு இரண்டும் கீல் துருப்பிடித்துத் திறக்காமல் கிடக்கின்றன. சின்னக் கதவு வழியாகத்தான் போய்வருகிறோம். பெரிய வண்டி ஒன்று நேராகப் போர்டிகோ வரைக்கும் வருகிற மாதிரி திறக்க வேண்டும் என்றேன்.

“எத்தனை பெரிய வண்டிங்கம்மா?”

தண்ணீர் லாரி அளவு என்றேன்.

மாராத்தாள் மாவுக் கையோடு வாசலில் வந்து நின்றாள். “நம்மூட்டுக்கு எப்பங்கம்மா தண்ணி லாரி வந்துச்சு? போர்ல ரொம்பி வழியுது.”

கோடை வருகிறது என்றேன். ஜாபர் எதுவும் கேட்காமல் வேலையைப் பார்த்தார். நல்ல மனிதர். இரண்டு கீல் புதிது. அடியில் சக்கரமும் வைத்துவிட்டார். ஒரு விரலால் தள்ளினால் போகிறது. வாரம் ஒரு முறை எண்ணெய் விடச் சொன்னார்.

பிப்ரவரி 17, திங்கள்

கீர்த்திவாசன் மாலையில் வந்தான். பொத்தான் தைத்திருந்தது. காபியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை. என்ன விஷயம் என்றேன்.

நிறுவனர்கள் தாங்கள் செய்யும் பொருளைக் கொண்டுவந்து அரங்கத்தின் முன்னால் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ட்ரோன்காரர் ட்ரோன் கொண்டுவருகிறார். காளான்காரர் காளான் கொண்டுவருகிறார். சாருலதா தன் வண்டியைக் கொண்டுவருகிறாள். அலுவலகத்தில் இது தெரிந்ததும், அந்த வண்டி முன் கேட் வழியாக வர வேண்டாம், பின் கேட்டில் மெஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். விழாவுக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுவாக இருக்கக் கூடாதாம்.

“அவங்ககிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல மேடம். நீங்க சொன்னீங்கன்னா தப்பா எடுத்துக்க மாட்டாங்க.”

அதாவது, மகளிடம் நான் சொல்ல வேண்டும்.

அவர் இறந்த அன்று அவள் வண்டி எங்கள் வீட்டுப் பின் சந்தில்தான் நின்றது. நான்தான் அங்கே நிறுத்தச் சொன்னேன். முன் கேட் அப்போதே சரியாகத் திறக்காது. இதைக் கீர்த்திவாசனிடமும் சொன்னேன். காபி தம்ளரை எடுக்க வந்த மாராத்தாள், “அன்னைக்குக் கேட்டு நல்லாத்தானுங்கம்மா இருந்துச்சு. பொறவு வந்த மழைக்குத்தான் துரு ஏறிப் போச்சு” என்றாள். அவள் ஞாபகத்தை நம்ப முடியாது. சட்னி விஷயத்திலேயே தெரிகிறது.

பிறகு நான் சொன்னேன். சிறப்பு விருந்தினர் வண்டி முன் கேட் வழியாக வரும், அரங்கத்து வாசலில் நிற்கும். அப்படி இல்லையென்றால் மணி அடிக்க வேறு ஆளையும், கேடயத்துக்கு வேறு பெயரையும் பார்த்துக்கொள்ளட்டும்.

“இதை அப்படியே ஆபீஸ்ல சொல்லட்டுங்களா மேடம்?”

“அப்படியே சொல்லு. ஒரு வார்த்தைகூட மாத்தாதே.”

காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. கீரை நன்றாக இருந்தது.

பிப்ரவரி 19, புதன்

முன் கேட் வழியாகவே வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். கீர்த்திவாசன் போனில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். படி ஏறிக்கொண்டே பேசினானாம். பேசும்போது ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்றேன்.

பிப்ரவரி 20, வியாழன்

மணியைப் புளி போட்டுத் துலக்கினேன். மாராத்தாளிடம் கொடுப்பதில்லை. அடித்துப் பார்த்தேன். எந்தக் குறையும் இல்லை. தெருமுனை வரை கேட்கும்.

சாம்பல் நிறப் பட்டு உடுத்திக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தேன். பிறகு நீலம். பிறகு மறுபடி சாம்பல்.

பிப்ரவரி 22, சனி

ஒழுங்காக எழுத வேண்டிய நாள்.

ஒன்பது மணிக்கு அரங்கத்துக்குப் போனேன். நாற்காலிகள் வரிசை கோணல். மாணவர்களை வைத்து நேர் செய்தேன். மேடையின் வலது ஓரத்தில் வழக்கமான என் மேசை, மேலே மணி, கடிகாரம்.

வண்டி முன் கேட் வழியாக வந்தது. வெள்ளை வண்டி, பக்கவாட்டில் நீல எழுத்தில் பெயர். சுத்தமாக வைத்திருக்கிறாள். முதலில் மாணவர்கள் தள்ளி நின்றார்கள். பிறகு ஒரு பெண் கிட்டே போய் உள்ளே எட்டிப் பார்த்தாள், அப்புறம் கூட்டம் சேர்ந்துவிட்டது. ட்ரோனைச் சுற்றி நின்றவர்களும் இங்கே வந்துவிட்டார்கள். ட்ரோன்காரருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

சாரு நிறுவனத்துச் சீருடையில் வந்திருந்தாள், சாம்பல் சட்டை, கறுப்புக் கால்சட்டை. இஸ்திரி சரியாக இருந்தது. காதோரம் நன்றாக நரைத்துவிட்டது. அவர் குடும்பத்தில் எல்லாருக்கும் சீக்கிரம் நரைக்கும். மேடை ஏறும்போது என் மேசைப் பக்கம் திரும்பித் தலையை லேசாகத் தாழ்த்தினாள். நானும். மேடையில் அவ்வளவுதான் முறை.

காளான்காரர் தன் தவறைச் சொன்னார். முதல் அறுவடையை ஒரே வியாபாரிக்குக் கடனாகக் கொடுத்துவிட்டாராம். மணி அடித்தேன். ட்ரோன்காரர் பாதி வாக்கியத்தில் இருந்தபோது ஏழு நிமிடம் ஆயிற்று. அடித்தேன். மூன்றாவது சாரு.

அவள் சொன்னதை முடிந்தவரை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

“எங்க தொழில்ல முதல் பாடமே பேச்சைக் குறைக்கறதுதான். துக்க வீட்டுல யாரும் நம்மள வாங்கன்னு கூப்பிட மாட்டாங்க. கிளம்பும்போது நாமளும் போயிட்டு வர்றோம்னு சொல்லக் கூடாது. அது உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா வாய் பழக்கம் விடாதே. ஆரம்பிச்ச புதுசுல எங்க ஆள் ஒருத்தர் எல்லா வேலையும் முடிச்சுட்டு, கையைத் துடைச்சுக்கிட்டு, சரிங்க போயிட்டு வர்றோம், மறக்காம கூப்பிடுங்கன்னு சொல்லிட்டாரு.”

அரங்கம் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

“அந்த வீட்டுப் பெரியவர் செருப்பை எடுத்துட்டாரு. அன்னைக்கே நான் விதி போட்டுட்டேன். வேலை முடிஞ்சா யார் முகத்தையும் பார்க்காதே, வாயத் திறக்காதே, கிளம்பிடு. புதுசா வர்ற எல்லாருக்கும் நானே நடந்து காட்டுவேன். இத்தனை வருஷத்துல அந்த விதியை நான் ஒரு தடவைகூட மீறினதில்ல. என் தவறு அதுதான்.”

தண்ணீர் குடித்தாள். கடிகாரத்தில் இன்னும் நேரம் இருந்தது.

“அஞ்சு வருஷத்துக்கு முன்னால ஒரு வீட்டுல வேலை. வண்டியைப் பின் சந்துல நிறுத்தச் சொன்னாங்க. நிறுத்தினோம். அதனால நானும் பின்வாசல் வழியாத்தான் உள்ளே போனேன். வேலைக்கு வந்தவளாவே போனேன். மூணு நாள் யாரும் ஒரு குறை சொல்ல முடியாத மாதிரி எல்லாம் நடந்துச்சு. மூணாம் நாள், எப்பவும் போல, யார் முகத்தையும் பார்க்காம ஹாலைத் தாண்டி நடந்து வந்து வண்டில ஏறிட்டேன். அவிநாசி தாண்டினப்புறம்தான் எனக்கு உறைச்சுது. அது எங்க அப்பா. அது எங்க வீடு. அந்த ஹால்ல உட்கார்ந்திருந்தது எங்க அம்மா.”

யாரும் சிரிக்கவில்லை.

“வண்டியைத் திருப்பியிருக்கலாம். டிரைவர்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல. போன் பண்ணியிருக்கலாம். அன்னைக்குப் பண்ணல, மறுநாள் அது இன்னும் கஷ்டமாயிருச்சு. பின்வாசல்ல நிக்க வெச்சாங்களேன்னு கோபமும் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். கோபம் ஒரு வருஷத்துல போயிருச்சு. கூச்சம்தான் போகல. ஒரு விதியை யாருக்காகப் போட்டோம்னு போட்டவங்க மறந்துடக் கூடாது. அது வேலைக்கு வர்றவங்களுக்குப் போட்டது. பொண்ணுக்குப் போட்டதில்ல.”

மணி சற்றுத் தாமதமாகிவிட்டது. கைப்பிடி எங்கோ சிக்கிக்கொண்டது. மணி அடிக்காததால், பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்துவிட்டதா இல்லையா என்று மாணவர்களுக்குப் புரியவில்லை. காலையில் முதலில் வண்டிக்குள் எட்டிப் பார்த்த அதே பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

“மேடம், இதை அந்த வீட்டுல இருக்கறவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

சாரு என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“இப்பத்தான் சொல்லிட்டிருக்கேன்.”

அதற்குப் பிறகு மணி அடித்தேன்.

கேடயத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து கொடுக்க வேண்டும் என்று கடைசி நேரத்தில் ஏற்பாடு. கனமான கேடயம். ஒரு பக்கம் அவள் பிடித்தாள். புகைப்படக்காரர் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று நிற்க வைத்துக்கொண்டே இருந்தார்.

“ரெண்டு நிமிஷம் லேட்டும்மா” என்றாள், உதட்டை அசைக்காமல்.

“மணி சிக்கிடுச்சு.”

“துணைவேந்தருக்குச் சிக்கலையே.”

பதில் சொல்வதற்குள் கீழே இறங்கச் சொல்லிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவளுக்குப் போன் வந்தது. பொள்ளாச்சியில் ஒரு வீடு. இந்தப் பக்கத்தில் இருக்கிற ஒரே வண்டி இதுதானாம். கூட்டத்துக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்தாள். கையைக் காட்டிப் போ என்றேன். வேலை வந்தால் போகத்தான் வேண்டும். அவரும் அப்படித்தான்.

மேல் அறை தயாராக இருந்தது. மாராத்தாள் கோழிக் குழம்பு வைத்திருந்தாள். பூண்டு போட்டிருந்தாள். அவளையே சாப்பிடச் சொன்னேன். எனக்குப் பசி இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

நடைக்குப் போகவில்லை. முன் கேட்டின் இரண்டு கதவையும் காலையிலேயே திறந்து வைத்தேன். கீலுக்கு எண்ணெய் விட்டால் கொஞ்ச நேரம் திறந்திருப்பது நல்லது.

எட்டரைக்கு வண்டி தெருவில் வந்து கேட்டுக்கு எதிரே நின்றது. பின் சந்துக்குத் திரும்புகிற வளைவு எங்கள் வீட்டைத் தாண்டித்தான் இருக்கிறது. வண்டி நகரவில்லை. நான் போர்டிகோவில் வந்து நின்றேன். அதன் பிறகு உள்ளே வந்தது.

சாரு இறங்கினாள். இரவெல்லாம் தூங்கவில்லை என்று தெரிந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகத் திரும்பினாள்.

“எங்கே போறே?”

“துக்க வீட்டுலேர்ந்து நேரா வர்றேம்மா. பின்னாடி குழாய்ல குளிச்சுட்டு உள்ளே வர்றேன்.”

“மேல கீசர் போட்டிருக்கு. இந்தப் பக்கமா வா.”

அப்படியே நின்றாள். “அப்படியே உள்ள வரக் கூடாதும்மா.”

“தெரியும்” என்றேன். “வா.”

அவள் முன்வாசல் படி ஏறி, ஹாலைத் தாண்டி மேலே போனாள். மாராத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். இட்லி என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

அதற்குள் தெருவில் சத்தம். மிஸஸ் ரங்கசாமி தலையை முடிந்தும் முடியாமலும் ஓடி வந்தார். பின்னால் அவர் மருமகள், எதிர் வீட்டுக்காரர், இஸ்திரி போடுகிறவர். போர்டிகோவில் அந்த வண்டியைப் பார்த்துவிட்டு எல்லாரும் கேட்டிலேயே நின்றுவிட்டார்கள். மிஸஸ் ரங்கசாமி அழவே ஆரம்பித்துவிட்டார். நேற்றுத்தான் பட்டுப் புடவையோடு போனாங்களே என்று அவர் சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது.

நான் வெளியே வந்தேன். அவர் என்னைப் பார்த்து ஒரு எட்டுப் பின்னால் போனார்.

“ஏனுங்க, நீங்க... இந்த வண்டி...”

“நான் நல்லாத்தான் இருக்கேன்” என்றேன். “இது என் மகள் வண்டி. சாவு வீட்டு வேலை எல்லாத்தையும் எடுத்துச் செய்யற கம்பெனி. அவதான் நிறுவனர். பதினாறு வண்டி ஓடுது.”

“டிரான்ஸ்போர்ட்டுன்னு சொன்னீங்களே.”

“இதுவும் அதுதான்.”

எதிர் வீட்டுக்காரர் இருமினார். மிஸஸ் ரங்கசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு மெதுவாக, தன் மாமியாருக்கு வயது தொண்ணூற்று மூன்று ஆகிறது, நம்பரைக் கொஞ்சம் தர முடியுமா என்றார். அவளே கீழே வந்து தருவாள், உள்ளே வாருங்கள், காபி சாப்பிடலாம் என்றேன். இப்போது வரவில்லை, குளிக்கவில்லை என்று போய்விட்டார்.

சாரு என்னுடைய பழைய சேலையைக் கட்டிக்கொண்டு கீழே வந்தாள். ஏழு இட்லி சாப்பிட்டாள். சட்னியில் பூண்டு இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. மாராத்தாள் மறக்கவில்லை போலிருக்கிறது. பிறகு தன் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, சாய்ந்து, அப்படியே தூங்கிப்போனாள். மதியம் வரை தூங்கினாள். வாயைத் திறந்து தூங்குவதும் அவரைப் போலத்தான். நான் எதிர் நாற்காலியில் செய்தித்தாள் படித்தேன்.

அதிகம் பேசவில்லை. பொள்ளாச்சி வீட்டில் இறந்தவர் பள்ளிக்கூட வாத்தியார் என்றாள். நான் ஃப்ரிட்ஜ் சத்தம் போடுவதைச் சொன்னேன். எழுந்து போய்ப் பின்னால் ஏதோ செய்தாள். சத்தம் நின்றுவிட்டது. கேட்டை எப்போது சரி செய்தீர்கள் என்று கேட்டாள். தண்ணீர் லாரிக்காக என்றேன். சமையலறையில் பாத்திரம் ஒன்று விழுந்தது.

மூன்று மணிக்குச் சீருடையை மாட்டிக்கொண்டு பையோடு வந்தாள். சென்னையில் நாளை காலை வேலை. நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன், அன்று உட்கார்ந்திருந்த அதே இடத்தில். அது என் வழக்கமான நாற்காலி. வாசல் நிலை வரைக்கும் நடந்து போனாள். அங்கே நின்றாள். முழுக்கத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

“அம்மா, போயிட்டு வர்றேன்.”

போய்விட்டு வா என்று சொல்ல வேண்டும். நேற்று அரங்கத்தில் குளிர்சாதனம் அதிகம், தொண்டை கட்டியிருந்தது. “வா” மட்டும்தான் வந்தது.

வண்டி பின்னால் நகரும்போது கேட்டின் இரண்டு பக்கமும் நிறைய இடம் இருந்தது. ஜாபர் சரியாக அளந்திருக்கிறார்.

பிப்ரவரி 26, புதன்

கீர்த்திவாசன் புகைப்படங்களைக் கொண்டுவந்தான். கேடயத்தைப் பிடித்திருக்கும் படத்தில் நான் சிரிக்கிற மாதிரி விழுந்திருக்கிறது. வெளிச்சம் அப்படி. பெரிதாக ஒரு பிரதி எடுத்து வரச் சொன்னேன். அடுத்த வருடம் மணியின் கைப்பிடியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் மேடம் என்றான். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

நடை அரை மணி. மாத்திரை. கேட் கீலுக்கு எண்ணெய்.

பத்து மணிக்கு மாராத்தாள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு பின்கட்டில் காத்திருந்தாள். அவளுடைய போன் அடிக்கவில்லை.

என்னுடையது அடித்தது.